அழகப்பனுக்குக் கொடுத்த அரிஷ்டம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்த அழகப்பன் இரண்டு கவளம்தான் உண்டிருப்பான். அவன் முகமும் கழுத்தும் ரத்தம் ஏறிக் கன்றிப்போயின. ஏதோ சொல்ல வாயெடுத்தவன் வாந்தியெடுத்து அப்படியே தட்டின்மேல் சாய்ந்தான். பனியனுக்குள் அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதை, குழம்புக் கரண்டியோடு எதிரே நின்ற சம்சுன்னிசா கண்ணாலேயே பார்த்தாள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேலாயுதம் எச்சில் கையோடு அவனைத் தாங்கிப் பிடித்தான். உள்ளேயிருந்து ஓடிவந்த அப்துல் அஜீஸ் குனிந்து பையனின் முகத்தருகே போனார். போன வேகத்தில் பின்வாங்கினார்.

"குடிச்சிருக்கான்," என்றார் மனைவியிடம். அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் வேலை பார்ப்பவர். வெள்ளைக்கார மாலுமிகளுக்கு நடுவே பதினைந்து வருஷம் உழைத்தவருக்கு அந்த வாடை தெரியாமல் போகாது.

சம்சுன்னிசாவுக்குச் சாராய வாடை தெரியாது. பிறந்த வீட்டிலும் அது நுழைந்ததில்லை, புகுந்த வீட்டிலும் நுழைந்ததில்லை. பையனின் வாயைத் துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. மூன்று பிள்ளை பெற்ற மூன்று முறையும் அந்த வாடை அவள் வாயிலேயே இருந்தது. கொஞ்சம் முன்னால்தான், பசியெடுக்கட்டும் என்று, அலமாரியிலிருந்த திராட்சாரிஷ்டப் புட்டியிலிருந்து அரை டம்ளர் ஊற்றித் தன் கையாலேயே அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

வேலாயுதமும் அப்துல் அஜீஸும் பையனைத் தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியில் ஏற்றியபோதும் அவள் துண்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் கடைக்கு மேல் இருந்த அந்த வீட்டுக்கு மாணவர்கள் வரத் தொடங்கி அப்போது மூன்று வருஷம் இருக்கும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம். பெரியாஸ்பத்திரியில் அல்மனராக இருந்தவள் சரஸ்வதி. நோயாளிகளின் வீட்டு நிலைமையைக் கவனித்து, வேண்டியதைச் செய்து கொடுப்பது அவள் உத்தியோகம். குடியில் விழுந்து வார்டில் கிடந்து எழுந்த கல்லூரிப் பையன்களை எங்கே அனுப்புவது என்பது அவளுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. ஹாஸ்டலுக்குப் போனால் பழைய கூட்டாளிகள், வீட்டுக்குப் போனால் அப்பாவின் புட்டி. ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. குடியே வாசல்படி ஏறாத வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன, ஒரு நல்ல முஸ்லிம் குடும்பத்தில் அறை கேட்டால் என்ன? அப்படித்தான் அப்துல் அஜீஸைத் தேடி வந்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிவாசலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

சம்சுன்னிசாவை யாரும் கேட்கவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள். வெளி ஆட்கள் முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நிற்பவள். ஆனாலும் பையன்களுக்கு எப்போது கை நடுங்குகிறது, எவன் எந்த வேளையில் ஜன்னலோரம் போய் நின்று தெருவையே பார்க்கிறான் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்த நேரம் பார்த்து உளுந்தை ஆட்டுக்கல்லில் போட்டு, கை கொடு தம்பி என்பாள். இல்லையென்றால் தேக்கா மார்க்கெட்டுக்கு அனுப்புவாள். முதலில் வந்த வேலாயுதம் அப்படி ஆட்டியே ஒரு வருஷத்தைத் தாண்டினான்.

அழகப்பன் வாத்தியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் செம்பவாங் பட்டறைக் கூலிதான். கூலிகள் குடியிருந்த லைன் வீட்டில் சாயங்காலமானால் புட்டி கை மாறும். பதினாறு வயதில் அப்பாவுக்கு வாங்கி வரப்போய்ப் பழகியது. கல்லூரி வார்டன் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். இன்னொரு முறை குடித்தான் என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார். தினமும் காலையில் சம்சுன்னிசாவின் கண் முன்னால் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது ஒரு வாய் போனாலும் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும் என்று சரஸ்வதி சொல்லியிருந்தாள். கேட்காமல் வேறு மருந்து கொடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். சம்சுன்னிசா தலைவலிக்குக்கூட மாத்திரை கொடுத்ததில்லை. ஆனால் அரிஷ்டத்தை அவள் மருந்தாகவே நினைத்ததில்லை. முட்டை, பால் மாதிரி அதுவும் உடம்பைத் தேற்றும் ஒன்று. எலும்பும் தோலுமாக இருந்தவன் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எடுத்து ஊற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் சரஸ்வதி வந்தாள். பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் வார்டனுக்குச் செய்தி போய்விட்டது என்றாள். குடிக்கவேயில்லை என்று பையன் சத்தியம் செய்கிறானாம். யாரும் நம்பவில்லையாம்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வோம் மிஸ்," என்றான் வேலாயுதம். "நான்கூட வாயில நாத்தம் அடிக்க அடிக்க எங்கம்மா தலைல கை வச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் லா."

அப்துல் அஜீஸ் கோபத்தில் இருந்தார். வீட்டின் பெயரைக் கெடுத்துவிட்டான், பெட்டியைக் கட்டிக் கொடுத்தனுப்பிவிடுகிறேன் என்றார். வெளியே போய்க் குடித்துவிட்டு வந்து நம் தட்டில் சாப்பிட உட்கார்ந்தானே என்றார்.

சம்சுன்னிசா கதவோரத்திலிருந்து நகர்ந்தாள். அலமாரியைத் திறந்தாள். புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"அவன் வெளிய போகல. நான்தான் குடுத்தேன்."

சரஸ்வதி மூடியைத் திறந்து முகர்ந்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். திராட்சையையும் வெல்லத்தையும் பானையில் போட்டு மூடி மாசக்கணக்கில் புளிக்க வைத்தால் மதுவாகாமல் வேறு என்ன ஆகும் என்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள். எங்கள் வீட்டிலும் இது இருக்கிறது, எனக்கும் தோன்றவில்லையே என்றாள்.

அப்துல் அஜீஸ் புட்டியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போய்க் கலக்கம் வந்திருந்தது.

"ஏ புள்ள, நோன்பு முடிஞ்சு எனக்கு உடம்பு தளந்து கெடந்தப்ப..."

"இதேதாங்க."

"எத்தன நாளு?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வேலாயுதம் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து பால்கனிக்குப் போனான். போனவன் அங்கே நின்று, தானும் ஒருநாள் அந்தப் புட்டியைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் காலையில் சம்சுன்னிசா தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கல்லூரிக்குள் நுழைந்தாள். கூட வருகிறேன் என்ற கணவரை வேண்டாம் என்றுவிட்டாள். சரஸ்வதி போதும். வார்டன் இங்கிலீஷில் கேட்டதை சரஸ்வதி தமிழில் சொன்னாள். பையன் தானாகக் கேட்டானா? இல்லை. புட்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? தெரியாது. இது மது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் இதைக் குடித்துவிட்டு நான் மூன்று பிள்ளைக்கும் பால் கொடுத்திருக்க மாட்டேன் என்றாள். சரஸ்வதி அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, வார்டன் புட்டியை மூடி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பெயரை அடிக்கவில்லை, வகுப்புக்கு வரலாம் என்றார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சரஸ்வதி டாக்டரைப் பார்க்கப் போக, சம்சுன்னிசா கட்டிலருகே தனியாக நின்றாள். அழகப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கல்லூரியில் அவன் இடம் போகவில்லை என்று சொன்னாள். அரிஷ்டத்தைச் சொன்னாள். மன்னித்துவிடு தம்பி என்றாள். அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திரும்பக்கூட இல்லை.

"எனக்கு மொத வாயிலயே தெரிஞ்சிருச்சுக்கா," என்றான்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா குடிச்ச?"

"உங்க வீட்டுல அது எப்படி இருக்கும்? எனக்குத்தான் எதக் குடிச்சாலும் அந்த வாசன வருதுன்னு நெனச்சேன். போன வாரம் ரோஸ் சிரப்புல வந்துச்சு. தேத்தண்ணில வந்துச்சு. பைத்தியம் புடிச்சிருச்சுன்னு யார்கிட்ட சொல்றது? பேசாம குடிச்சிட்டேன்." சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "இப்ப நெஜமாவே வேணும்போல இருக்குக்கா. நேத்துலேர்ந்து. ரொம்ப."

மூன்று வருஷமாகப் பையன்களின் கையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியவில்லை. தன் சமையலில், தன் தேத்தண்ணீரில் அந்த வாடையோடு ஒருவன் தினமும் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டோமே, ஒரு நாளாவது கேட்டோமா என்று நினைத்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்நிய ஆண்கள் பத்துப் பேர் படுத்திருந்த வார்டில் முக்காடு சரிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"வாசன வந்தா சொல்லு. யாரு குடுத்தாலும் சொல்லு. நான் குடுத்தாலும் வாய மூடிக்கிட்டுக் குடிக்காத. நெஜமா இருந்தா கீழ ஊத்துறேன், இல்லாட்டி நான் ஒரு வாய் குடிச்சுக் காட்டுறேன். சரியா?"

அவள் எழுந்து போகவில்லை. சரஸ்வதி திரும்பி வந்தபோது அவன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தான். முதல் வேளைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சம்சுன்னிசா அவன் சோற்றில் ரசத்தை ஊற்றினாள். அழகப்பன் தட்டை முகத்தருகே கொண்டுபோனான். அப்படியே நிறுத்தினான். அப்துல் அஜீஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"அக்கா," என்றான் அவன். "இதுல என்னென்ன போட்டீங்க?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். புளி, மிளகு, சீரகம், பூண்டு என்று நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெருங்காயத்தையும் மறக்கவில்லை. பிறகு ஒரு கிண்ணத்தில் அதே ரசத்தை ஊற்றி, எல்லோரும் பார்க்கக் குடித்தாள்.

அவன் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.