காக்கா சுரண்டிய இடம்

சாய்ந்தமருதில் பிறந்து அந்த மண்ணிலேயே அடக்கமாகியிருக்கும் எங்கள் காக்கா, என் மூத்த சகோதரர், வபாத்தாகி இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் அனைவருக்கும் என் ஸலாம். காக்காவின் நற்குணங்களை எழுதும்படி அவருடைய மகள் கேட்டார். என் குற்றத்தைச் சொல்லாமல் அவற்றை எழுத என்னால் முடியவில்லை.

வாப்பா மௌத்தானபோது காக்காவுக்குப் பதினான்கு வயது. படிப்பை விட்டுக் கல்முனையில் வாகன வயரிங் வேலைக்குப் போனார். அந்த உழைப்பில் நான் ஆசிரியரானேன். கடல் ஊருக்குள் வந்துபோன பின், உப்புநீரில் கிடந்த வான்களைக் கழுவித் திரும்ப ஓடவைத்தவர் அவர். எந்த வண்டியிலும் முதலில், பற்றரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் ஏர்த் வயரைத்தான் பார்ப்பார்.

என் பழைய காரிலும் அப்படித்தான். ஏர்த் வயர் காரின் இரும்புப் பொடியில் பொருந்தும் இடத்தின் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிய, வயரைப் பூட்டினார். கடற்காற்றில் துருப்பிடிக்குமே என்று நான் நினைத்தேன். அவரிடம் கேட்காமலே நட்டைக் கழற்றி, அந்த இடத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் மறுபடி பூட்டினேன்.

சில நாட்களில் ஹெட்லைட் மங்கியது. ஸ்டார்ட்டர் முனகியது. புதுப் பற்றரி போட்டும் சரிவரவில்லை. ஒரு ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே வான் சாரதிகள் விசாரித்தபோது சொன்னேன்:

"காக்காட கண் மங்கிற்று. அவர் கை வெச்ச பிறகுதான் கார் இப்படி."

"அப்ப சேர், காக்காவுக்கும் ஒரு புது பல்ப் போடுங்களன்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பின் காக்காவின் கராஜுக்கு வரும் வான்கள் குறைந்தன. நான் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கும். ஆனாலும் என் வீடு தேடி வந்தார்.

"தம்பி, எல்லாத்தையும் மாத்திட்டாய். அந்த ஏர்த்த மட்டும் ஒருக்காக் கழட்டிப் பாக்க உடு."

கார்த் திறப்பு மகனிடம் இருக்கிறது என்றேன். அந்தச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்கு வுழூச் செய்து கைகால் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். நோய் என்று ஒருநாள் படுத்தவரல்லர். ஜனாஸா அடக்கி வெளியே வந்தபோதும் அவர் போய்விட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. மையவாடி வாசலில் என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. காக்காவின் மருமகன் பற்றரியின் ஏர்த் பக்கத்திலிருந்து என்ஜினுக்கு ஒரு வயரைப் பிடித்தார். உடனே ஓடியது. நட்டைக் கழற்றி ஏர்த் வயரைத் தூக்கினார். கீழே பச்சை.

"மாமா, பெயின்ட் இருந்தா கரண்ட் போகாதே. இதுக்கு ஆர் பெயின்ட் அடிச்ச?"

கபுறு மண் என் கைகளில் அப்படியே இருந்தது. 

காக்காவைக் குளிப்பாட்டியவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், என் சொல்லைக் கேட்ட பிறகும் அவரிடமே வண்டி கொண்டுபோன சாரதிகளுக்கும் எங்கள் நன்றி. அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.

மருமகனே, அன்று நீங்கள் கேட்டதற்குப் பதில்: நான்தான் அடித்தேன். காக்காவின் கண் மங்கவில்லை.