கற்பகம் வேண்டிய தோல்வி

போடியிலிருந்து ஏலக்காட்டுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில் பின்சீட்டு ஓரம் எப்போதும் கற்பகத்துக்குத்தான். அவள் முழங்கால் மடங்காது, நீட்டி வைக்க இடம் வேண்டும். ஏலம் என்ன தோளுயரத்திலா காய்க்கிறது? செடித் தூரில் பொழுதுக்கும் குத்தவைத்துப் பழம் எடுத்தால் எவள் முட்டியும் தேயத்தான் செய்யும். அந்த முட்டியைத் தேய்த்துத்தான் ஒற்றை மகன் விஜயபாண்டியை ஆளாக்கினாள். சொந்த ஊரான சிலமலையின் மண்ணில் கபடி பாடித் திரிந்த பயல், இப்போது டிவியில் வருகிற பெரிய லீக்கில் ரைடர். ஊரே பூரித்துக் கிடந்தது. ஊருக்கென்ன, நோவு அவனுக்கல்லவா!

அந்த நோவு கற்பகத்துக்கு மட்டும் தெரியும். போன வாரம் போனில் அழுதான். இடது முட்டியில் ஜவ்வு பாதி கிழிந்துவிட்டதாம். ரகசியமாக ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறான். இன்னொரு முறை பிசகினால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்றிருக்கிறார். அணிக்குத் தெரிந்தால் அடுத்த சீசனில் எவனும் சீந்த மாட்டான் என்று, யாரிடமும் மூச்சு விடாதே என அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கு அரையிறுதி. தோற்றால் சீசன் முடிந்தது, பிள்ளை வீடு வந்து சேருவான். ஜெயித்தால் இறுதி ஆட்டம். காலையில் மலைப்பாதை முனியாண்டி கோயிலில் வழக்கம்போல் ஜீப்பை நிறுத்தி டிரைவர் சின்ராசு சூடம் ஏற்றினான். வண்டியோடு அத்தனை பேரும் நம்ம பயல் ஜெயிக்க வேண்டும் என்று கும்பிட்டார்கள். பெற்றவள் கேட்டால்தான் சாமி இரங்கும் என்று நாத்தனார் முத்துப்பேச்சி அவளை முன்னால் தள்ளிவிட்டாள். தோற்க வை அய்யா என்று மனசுக்குள் கேட்டாள் கற்பகம். பெற்ற மகன் தோற்க வேண்டும் என்று எவளாவது கேட்பாளா?

சாயங்காலம் இறங்குகையில், டவர் கிடைக்கிற வளைவில் சின்ராசு வண்டியை ஓரங்கட்டினான். முத்துப்பேச்சியின் போனை எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். கற்பகம் மட்டும் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். தான் பார்த்தால் கண்பட்டுவிடும் என்றாள், அவர்களும் நம்பினார்கள்.

இரண்டு அணிக்கும் சரிசமமான புள்ளி. கடைசி ரைடுக்கு விஜயபாண்டி போனான்.

"மதினி, பய காலை இழுக்குறாப்புல தெரியுதே," என்றாள் முத்துப்பேச்சி.

அதற்குமேல் எந்தத் தாய் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? திரும்பிவிட்டாள். உள்ளங்கையகலத் திரையில் மகன். மூலையில் நின்றவனைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொருத்தன் பாய்ந்து காலைக் கட்டிக்கொண்டான். அதே இடது கால். அத்தோடு படம் நின்று, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சின்ராசு போனை வாங்கி வெளியே நீட்டிப் பிடித்தான். கற்பகம் தன் முட்டியையே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படம் திரும்பியபோது விஜயபாண்டி கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டபடி கிடந்தான். ஜெயித்துவிட்டார்கள். ஜீப்பே குலுங்கியது. கூட்டாளிகள் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். இடது காலை ஊன்றியும் ஊன்றாமலும் நின்றான். அந்த நிற்பைக் கற்பகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று முத்துப்பேச்சி கட்டிக்கொண்டாள். நாளைக்கே முனியாண்டிக்கு மாலை கொண்டு வருவதாகவும், பைனலையும் சாமி தந்துவிடும் என்றும் சொன்னாள்.

சத்தியமாவது மண்ணாவது! ஜவ்வு கிழிந்தது, டாக்டர் சொன்னது, காலையில் தான் வேண்டியது எல்லாவற்றையும் கற்பகம் கொட்டிவிட்டாள்.

"இத்தனை பேரு ஒண்ணைக் கேட்டா, ஒருத்தி கேட்டது சாமி காதுல எப்படி விழும்? நாளைக்குக் கோயில்ல நீங்க ஆரும் எதுவும் கேக்காதீக. நான் மட்டும் கேட்டுக்கிறேன்."

முத்துப்பேச்சி அவள் நீட்டியிருந்த காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் எதுக்குக் கேக்கணும் மதினி? எல்லாருமாச் சேந்து, நம்ம பய தோக்கணும்னே கேப்போம்."