மௌன அஞ்சலியில் பேஸ் கிட்டார்

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது செல்போனில் ஓர் ஒலிப்பதிவு வந்து விழுந்தது. அனுப்பியவன் சேகர். ஒரு வணக்கம் கிடையாது, சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கிடையாது, வெறும் சத்தம் மட்டும். நானும் அவனும் பேச்சுவார்த்தை இல்லாமல் எத்தனையோ வருடமாகிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் நான் செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன், அவன் பேக்கரியைப் பார்த்துக்கொண்டு நடப்பான். அப்படிப்பட்டவன் எதை அனுப்பியிருந்தாலும் எனக்கென்ன என்று திறக்கவில்லை. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கோபத்தை ஆறவிட மாட்டேன். அவ்வப்போது அடுப்பில் ஏற்றி இறக்கிச் சூடாகவே வைத்திருப்பேன். நேற்றும் அதைத்தான் செய்தேன். நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.

தொண்ணூற்றைந்தில் நான் அந்த மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். குழு சேகருடையது. அவன் கீபோர்டு வாசிப்பான், எல்லோரும் அவனை மாஸ்டர் என்போம். லப்பைக்குடிக்காடு ஜாபர் டிரம்ஸ். மேரி பாட்டு. நான் பேஸ் கிட்டார். இன்னும் சிலர் இருந்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லாததால் பெயர்கள் மறந்துவிட்டன.

பேஸ் கிட்டார் என்பது என்ன பிறவியோ, அதை வாசிக்கிறவனை யாருக்கும் தெரியாது. திருவிழாவில் மேடைக்குக் கீழே நிற்கிறவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆண்டிமடத்தில் ஒரு பெரியவர் இடைவேளையில் பக்கத்தில் வந்து, "ஏந்தம்பி, மத்தவருக்கு ஆறு கம்பி இருக்கு, ஒனக்கு நாலுதான் இருக்கு. அறுந்துபோச்சா?" என்று கேட்டார். இல்லீங்கய்யா, இது இப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம் கொடுத்து, "அடுத்த வருசம் வர்றப்ப கம்பி போட்டுக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

ஆனால் என் சத்தத்தை நானேதான் செய்தேன், ஐயா. கடையில் வாங்கியதில்லை. புதுக் கம்பி கத்தும் என்று கம்பியை மாற்றவே மாட்டேன், விரல் எண்ணெய் ஏறி ஏறி அது கறுத்துப்போயிருக்கும். பஸ் சீட்டு கிழிந்த இடத்தில் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் பிய்த்து வந்து கம்பிகளுக்கு அடியில் செருகினேன். அந்த ஸ்பாஞ்சின் பழைய வியர்வையும் டீசலும் கலந்த வாடை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. பிறகு பெட்டி. அரியலூரில் சிமெண்டு ஆலைக்கு மெஷின் வந்து இறங்கிய மரப்பெட்டியின் பலகையை வாங்கி, மூடிப்போன டூரிங் டாக்கீஸின் ஸ்பீக்கரைப் போட்டு, ஒரு ரேடியோ மெக்கானிக்கும் நானும் சேர்ந்து அடித்தது. வேனில் இடம் இல்லையென்றால் அதன் மேல்தான் உட்கார்ந்து போவேன். அதை மேடையில் வைக்காமல் தரையில் இறக்கி வைத்து வாசித்தால், சத்தம் காதுக்கு வராது, காலில் ஏறும். ஒரு தடவை பஜ்ஜிக்கடைக்காரர் ஓடிவந்து, "அண்ணே, ஒங்க பொட்டியத் தள்ளி வைங்க, சட்டியில எண்ணெ ஆடுது" என்று சண்டைக்கு நின்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை என் மனைவி செல்வி படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

கேசட்டில் மட்டும் அந்தச் சத்தம் ஏறவே இல்லை. அய்யனார் பாட்டு, மாரியம்மன் பாட்டு என்று திருச்சிக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வருவோம். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர், "பேஸக் கொஞ்சம் கொறச்சுக்கலாம் சார், கேசட்டு தாங்காது" என்பார். மாஸ்டரும் தலையை ஆட்டுவான். வீட்டுக்கு வந்து டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டும் உடுக்கையும்தான் கேட்கும். செல்வி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்பாள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதே கேள்வி. அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடினாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம் வந்தது அந்த மெஷின். மாஸ்டர் சென்னைக்குப் போய் ஒரு புதுக் கீபோர்டு வாங்கி வந்தான். எந்தச் சத்தத்தையும் மைக் வைத்துப் பிடித்து அதற்குள் போட்டுவிடலாம், பிறகு கட்டையை அமுக்கினால் அதே சத்தம் வரும். முதலில் ஜாபரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு டிரம்மாக அடிக்கச் சொல்லிப் பிடித்துக்கொண்டான். அடுத்த கச்சேரிக்கு ஜாபர் இல்லை, ஜாபரின் அடி மட்டும் இருந்தது. அவன் துபாய்க்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணே, ஒங்களையும் ஒருநா கூப்புட்டு ஒவ்வொரு சொரமா வாசிங்கம்பாரு. அன்னிக்கே தெரிஞ்சுக்கங்க. அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்."

அல்லா பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, மாஸ்டர் கூப்பிட்டுவிட்டான். "வாய்யா, சும்மா சவுண்டு செக் பண்ணலாம், பொட்டியோட வா." தெரிந்தே போனேன். ஏன் போனாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவரைக்கும் என் பெட்டிக்கு முன்னால் ஒருவரும் தனியாக மைக் வைத்ததில்லை. ஒரு தடவையாவது என் சத்தம் முழுசாக எங்கேயாவது ஏறட்டும் என்ற ஆசைதான், வேறென்ன? அவன் வீட்டு முன்னறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்துக் கொட்ட ஒவ்வொரு சுரமாக வாசித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. "சாவுறவரைக்கும் நிக்கட்டும், நடுவுல கை வச்சிராத" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னான். சத்தம் தானாக அடங்கும்வரை இருவரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்போம்.

கடைசியாகத் தடிக்கம்பி. அதை மீட்டி முடித்த கையோடு அவன் செல்போன் கிர்ரென்று ஆடியது. ஏதோ கச்சேரிக்கான போன். அந்த வீட்டுக்குள் மணி அடிக்கும், பேச்சுக் கேட்காது, வேப்பமரத்தடிக்குப் போனால்தான் கேட்கும். ஓடட்டும், நிறுத்தாதே என்று கையால் சைகை காட்டிவிட்டு வெளியே போய்விட்டான். நானும் என் சத்தமும் மைக்கும் மட்டும் அறையில். சத்தம் மெல்லத் தேய்ந்துகொண்டே வந்தது. அத்தனை வருடத்தில் நான் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. குனிந்து, மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், நிதானமாகச் சொன்னேன்.

"வெளங்க மாட்டடா, சேகரு."

நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அவன் வந்தான், நிறுத்தினான், கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். டும், டும் என்று என் சத்தம் வந்தது. "சூப்பர்யா" என்றான். அவன் இடது கை எப்போதும் பொட்டுப் பொட்டென்று எடுக்கும் கை, எந்தக் கட்டையிலும் நிற்காது. என் குரல் இருந்தது அந்தச் சுரத்தின் கடைசியில். அதுவரை போக அவனுக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் குழுவில் யாரையும் வாயால் நீக்குவதில்லை. வேன் நிற்காது, அவ்வளவுதான். அவரவர் பஸ் ஸ்டாப்பில் நிற்போம், வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வாரம் நான் பெரம்பலூர் பாலக்கரையில் கிட்டாரோடு நின்றேன். பெட்டி, அந்தச் சவுண்டு செக் முடிந்த நாளிலிருந்து வேனிலேயே இருந்தது. வேன் வந்தது, வேகம் குறையாமல் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் இருந்த மேரி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தெரிந்ததுதான் என்றாலும், கையில் கிட்டாரோடு ரோட்டில் நிற்பது வேறு. டீக்கடைக்காரர், "வேனு போயிருச்சே, ஓடுங்க, ஓடுங்க" என்று கத்துகிறார்! எங்கே ஓடுவது?

பெட்டியை அப்புறம் அதே டீக்கடை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நல்ல மழை. நான் போய்ப் பார்த்தபோது பலகை ஊதிப்போய், ஸ்பீக்கர் காகிதம் பிய்ந்து தொங்கியது. போன் பண்ணினேன். "அடடா, நனைஞ்சிருச்சா?" என்றான். அந்த 'அடடா'வை நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன். வேறு பலகை, வேறு ஸ்பீக்கர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். வந்தது வேறு யாருடைய சத்தமோ.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலை. அவன் கச்சேரி எங்கே நடந்தாலும் பஸ் ஏறிப் போய்க் கூட்டத்தில் நின்றுகொள்வேன். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், ஆண்டிமடம். என் சத்தம் வரும். ஸ்பாஞ்சு, கறுத்த கம்பி, சிமெண்டு ஆலைப் பலகை எல்லாம் அப்படியே அவன் இடது கையில். பக்கத்தில் நிற்கிறவன், "பேஸு பின்றாரு பாரு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நில்லுடா, ஒரே ஒரு தடவை தடிக்கம்பியில் நில்லுடா பாவி என்று உள்ளுக்குள் கத்துவேன். குத்துப்பாட்டில் எவன் நிற்பான்? செல்வி, "வேண்டுதலுக்குப் போறாப்புல போறீங்களே" என்றாள். வேண்டுதல்தான்.

திருமானூர்ப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில் அது பலித்தது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அந்தச் சமயம்தான் தவறியிருந்தார். விளக்குப் போட்டு, கச்சேரி தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்றது. சும்மா விட்டிருக்கலாம். மாஸ்டருக்குத்தான் எதிலும் ஒரு பந்தா வேண்டுமே! மௌனத்துக்கும் பின்னணி இசை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் கடைசிக் கட்டையை அமுக்கிப் பிடித்தான்.

என் தடிக்கம்பி மைதானம் முழுக்கப் பரவியது. கையை எடுத்துவிடாதே, எடுத்துவிடாதே. எடுக்கவில்லை. சத்தம் தேய்ந்து, தேய்ந்து, கரும்புக்காட்டுப் பக்கம் நாய் குரைப்பதுகூடக் கேட்கிற அமைதியில், ஆள் உயரப் பெட்டிகளிலிருந்து வந்தது.

"வெளங்க மாட்டடா, சேகரு."

ஒருவரும் அசையவில்லை. மாஸ்டர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தான். அந்தப் பாடாவதி அப்போது என்ன செய்தான் தெரியுமா? மெஷின்தானா என்று சோதிக்க, அதே கட்டையை மறுபடி அமுக்கிக் காத்திருந்தான்! மறுபடியும் வந்தது. பின்னால் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். இறந்தவரின் தம்பி மேடைக்கே ஏறிவிட்டார்.

"அஞ்சலியில என்னய்யா சாபம் வுடுற? யார்றா சேகரு?"

மேரி மைக்கைக் கையில் வைத்திருந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "மாஸ்டர் பேருதாங்க" என்றாள். அது பெட்டி வழியாக ஊருக்கே கேட்டது. பிறகு எழுந்த சிரிப்பை நான் நின்று, ஆற அமரக் கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு துள்ளல். அதற்கப்புறம் அவன் எந்த மேடை ஏறினாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் "வெளங்க மாட்டடா" என்று கிளம்பும். எனக்கு வருத்தமா? ஒரு சொட்டுகூட இல்லை.

அடுத்த கச்சேரிக்கும் போனேன், அவன் தவிப்பை இன்னொரு தடவை பார்க்கத்தான். பாட்டு ஆரம்பித்தது. பேஸ் வந்தது. தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி, மெஷினோடு வந்த ஏதோ ஒரு சத்தம். எந்தச் சுரத்தின் கடைசியில் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேனோ என்று பயந்து, என் சத்தம் முழுவதையும் அழித்துவிட்டானாம். மேரிதான் இடைவேளையில் வந்து சொன்னாள். பெட்டி மழையில் போயிற்று, கேசட்டில் ஏறவே இல்லை. அது இருந்த ஒரே இடம் அந்த மெஷின். அங்கேயே மண்தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

இதெல்லாம் நினைத்துச் சூடேறிய பிறகுதான், சரி, என்னதான் அனுப்பியிருக்கிறான் என்று நேற்று அந்த ஒலிப்பதிவைத் திறந்தேன். தடிக்கம்பி. எல்லாவற்றையும் அழித்த பாவி, தன்னைத் திட்டிய அந்த ஒன்றை மட்டும் எங்கோ எடுத்து வைத்திருந்திருக்கிறான். ஏன் வைத்திருந்தான், ஏன் இப்போது அனுப்பினான், தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அடுப்படியிலிருந்து செல்வி ஈரக்கையோடு வந்து நின்றாள். இன்னும் குரல் வரவில்லை, சத்தம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இது நீங்கதானே?" என்றாள்.

அப்புறம் குரல் வந்தது. அவள் முகத்தைச் சுளித்து, "அந்தக் கடேசிய மட்டும் வெட்டிப்புட முடியாதா?" என்று கேட்டாள். முடியாது, குரலும் கம்பியும் ஒன்றாகவே கிடக்கின்றன. முடிந்தாலும் வெட்ட மாட்டேன், நான் சொன்னது சொன்னதுதான். குழு கலைந்துவிட்டது, வேனை எடைக்குப் போட்டுவிட்டார்கள், இப்போது கல்யாணங்களில் பென் டிரைவைச் செருகிப் பாடுகிறார்கள். சேகருக்கு நான் பதில் போடவில்லை.

அவள் போன பிறகு மறுபடி மறுபடி போட்டேன். குரல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடலாம் என்று விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டே கேட்டேன். ஒரு தடவைகூட நிறுத்த முடியவில்லை. தேய்ந்து போகிற இடத்தில்தான் என் சத்தம் ரொம்ப நன்றாக இருக்கிறது.