குண்டுக்கு வைத்த குங்குமம்

இந்த ஆயுத பூஜைக்குச் செம்பூர் வீட்டில் மருமகள் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். "பாத்தும்மா, உள்ள போயிடப் போறது" என்றேன். வாய் என்னுடையதுதான், பேச்சு மணி சாருடையது. சந்தனமும் மிஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை அடுத்த நிமிஷமே மூக்கில் ஏறிவிட்டது. லேப்டாப்பில் ஏது எண்ணெய்?

அறுபதுகளில் எனக்குப் பம்பாய் ஃபோர்ட்டில் டைப்பிஸ்ட் உத்தியோகம். மாட்டுங்காவில் மணி சார் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிரம்மச்சாரிக்கு ஒரு ஜோலியும் கிடையாது என்பதை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். காபி வரும். பின்னாலேயே யுத்தம் வரும்.

யுத்தத்தின்போது அவர் வங்காளத்தில் லிபரேட்டர் விமானங்களுக்குக் குண்டு ஏற்றியவர். பறப்பது வெள்ளைக்காரர்கள், தரைவேலைக்கு நம்மவர்கள். அந்தப் படைப்பிரிவின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். அச்சுப் போடுவதாக லண்டனில் இருந்த பழைய சகாக்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி வராத பசங்களுக்கு ஒரு சமாதிகூடக் கெடையாதுடா. பேராவது இருக்கட்டும்" என்பார். கடைசிப் பக்கம் முழுக்க அந்தப் பெயர்கள்தான். ஓர் எழுத்துப் பிசகினாலும் பக்கத்தையே மறுபடி அடிக்கச் சொல்வார். நான் மனதுக்குள் அவரையும் அவரைச் சண்டைக்கு அனுப்பிய இங்கிலாந்து ராஜாவையும் சேர்த்தே திட்டுவேன்.

விமானத் தளத்தில் நடந்த ஆயுத பூஜைக் கதை என்றால் அவருக்கு வெல்லம். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். "ஸ்பேனருக்கு வெச்சேன். அப்புறம் குண்டை மட்டும் விடுவானேன்? ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். பைலட் சிரிச்சுண்டே தன் நெத்தியையும் காட்டினான்!" அன்றைக்குப் போன விமானங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பின. அதற்குப் பிறகு அவர் பொட்டு வைக்காமல் ஒரு குண்டும் ஏற்றியதில்லை.

சொர்ணத்தக்காவிடமும் சொன்னார். தாராவியிலிருந்து முறுக்குத் தூக்கோடு வீடு வீடாக வருகிற திருநெல்வேலிக்காரி.

"அதையெல்லாம் எங்கன போட்டாவ?" என்றாள் சும்மா.

"சயாம்ல. ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை மேல."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். "நாங்க அங்கனதான் கெடந்தோம், ஐயா."

மலேயாத் தோட்டத்திலிருந்து அவளையும் புருஷனையும் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "பிளேன் சத்தம் கேட்டா சப்பான்காரன் குழிக்குள்ள ஓடிருவான். அடி நின்னுரும். எங்க வீட்டுக்காரரு பிளேனைப் பாத்துக் கும்பிடுவாரு. கும்பிட்டுட்டு நிக்கும்போதுதான் மேல விழுந்துச்சு."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மணி சார் நாற்காலியை விட்டு எழுந்தார். அவளை எப்போதும் ஒருமையில் பேசுகிறவர், "அவர் பேரு என்ன, சொல்லுங்கோ" என்றார்.

புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அப்போது ஏது? செத்தும் அத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "சுடலைமுத்து."

கடைசிப் பக்கத்தில், விமானக்காரர்களுக்குக் கீழே அந்தப் பெயரை அடித்தேன். லண்டனிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: இவர் நம் பிரிவைச் சேர்ந்தவர் அல்லவே, எடுத்துவிடலாமா?

"அவர் இல்லாத சரித்திரம் எனக்கு வேண்டாம்" என்றார் மணி சார். அச்சுக்குப் போகவிருந்த புத்தகத்தை அப்படியே நிறுத்திவிட்டார். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு என் டைப் மிஷினுக்கு மட்டும் பொட்டு வைத்தார். "பாத்து வைக்கணும், உள்ள போயிடப் போறது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மணி சார் போய்விட்டார். அந்த வீடு இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டடம். மிஷின் எடைக்குப் போனது. காகிதங்களை ஒரு மழை வெள்ளம் கொண்டுபோனது. சொர்ணத்தக்கா எப்போது வராமல் போனாள் என்றுகூட நினைவில்லை.

திரும்பத் திரும்ப அடித்த அந்த வெள்ளைக்காரப் பெயர்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. பாவம், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். ஒரே ஒரு தடவை அடித்த பெயர் மட்டும் நிற்கிறது. அதைச் சொல்ல என்னை விட்டால் இனி ஆளில்லை.