ஒற்றை முடிச்சு

அவளை நாங்கள் எல்லோரும் முடிச்சு என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் வேலை பார்த்தது கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில். அவளுடைய அண்ணன் தலைமைப் பயிற்சியாளர். அவளுக்கு உபகரண அறையில் வேலை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிறவன் நான். அதனால் எனக்குக் காத்து என்று பெயர். வைத்தவள் அவள்தான். இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல். அவள் மேசையில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவளும் ஒருகாலத்தில் முக்குளித்தவள். அண்ணனைவிடக் கெட்டிக்காரி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அண்ணன் இல்லாத நேரம் பார்த்து. கடுமையான சளி பிடித்திருந்த ஒரு நாளில், ஆள் குறைகிறது என்று அவர் அவளை அழைத்திருக்கிறார். “பத்து நிமிஷம்தான், சும்மா வா.” மூக்கடைப்போடு இறங்கியவளுக்கு வலது காது போயிற்று. சில நாட்களில் படியேறினாலே தலை சுற்றும். இனிமேல் தண்ணீருக்குள் போகவே கூடாது என்றார் மருத்துவர். உபகரண அறையில் அவளைச் சேர்த்துவிட்டது அண்ணன்தான். அதை நாளுக்கு ஒருமுறை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நீந்துகிறவர்கள் காலில் மாட்டும் துடுப்பை ஃபின் என்போம். குதிகாலைப் பிடித்திருக்கும் அதன் ரப்பர் வார், உப்பிலும் வெயிலிலும் வெடித்து அறுந்துவிடும். கொக்கி இறுகிக்கொண்டு கழட்ட வராது. அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சாமான் கட்டுகிற இலாஸ்டிக் கயிற்றை வாங்கினாள், சுண்டுவிரல் தடிமனில். சூடாக்கிய கத்தியால் வெட்டினால் நுனி பிரியாது. குதிகாலை அறுக்காமலிருக்க நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயை மாட்டினாள். ஃபின்னின் இரண்டு பக்கத் துளைகளிலும் நுழைத்து, நுனியைக் கயிற்றின் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு, அதன்மேல் மெழுகு நூலை இறுக்கிக் கட்டினாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை அதில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுவாள். முடிச்சு நூலளவு நகர்ந்தாலும் பிரித்து மறுபடி முதலிலிருந்து.

“எதுக்கு இவ்வளவு பாடு?” என்று கேட்டேன்.

“காலை விடு, இழு, முடிஞ்சுது. கீழ போனவங்க இதை மறந்துடணும், காத்து. ஞாபகம் வந்தா என் வேலை சரியில்லன்னு அர்த்தம்.”

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. பிற பள்ளிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அண்ணன் ஃபின்னைத் தூக்கிக் காட்டி, “இது நான் யோசிச்சுப் பண்ணினது” என்றார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. இடது காதால் அவளுக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள். “ஒரு வார்த்தை என் பேரையும் சொல்லியிருக்கலாமே அண்ணா?”

“வீட்டுக்குள்ள என்ன நீ, நான்னு? உன் பேரு வேற, என் பேரு வேறயா?”

அவள் அடுத்த ஃபின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் தலைசுற்றல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டாள். அப்போது பார்த்து ஒரு பெரிய குழு வந்தது. ஆறு ஜோடி ஃபின்களுக்கு வார் இல்லை. அண்ணனே உட்கார்ந்து கட்டினார். ஒற்றை முடிச்சு. நூல் கிடையாது, வாளி கிடையாது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ‘சார், இன்னொரு சுத்து’ என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குழுவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நீரோட்டத்தில் அவருடைய ஒரு ஃபின் கழன்று போனது. பயந்துபோய் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி வரக் கூடாது; ரத்தத்தில் காற்றுக்குமிழ் கட்டி நரம்பைக் கெடுத்துவிடும். பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

விசாரணைக்குப் பள்ளியின் முதலாளி எங்களை அலுவலக அறைக்கு வரச்சொன்னார். மேசைமேல் வாத்தியாரின் இன்னொரு ஃபின் இருந்தது.

“இந்த வார் யார் பண்ணினது?”

அண்ணன் தயங்கவே இல்லை. “என் தங்கச்சிதான் சார். கடையில கிடைக்கிறதே போதும்னு எத்தனையோ தடவை சொன்னேன். கேக்கல.”

அவள் ஃபின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இது என் முடிச்சே இல்ல. நான் இங்க வராத மூணு நாள்ல கட்டினது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “காத்து, ஜன்னல்கிட்டதான இருந்த? சொல்லு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். என் வேலை அவர் கையில் இருந்தது. வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

“நான் சரியா பாக்கல சார்.”

அவள் ஃபின்னை மேசைமேல் வைத்தாள். அண்ணனிடம் மட்டும் கேட்டாள். “பேரு வந்தப்ப நாம ஒண்ணு. பழி வந்தா நான் தனியா?”

“முதலாளி முன்னாடி இப்படியா பேசுறது?” என்றார் அவர்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று மதியமே அவளை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவள் கட்டிய வார்கள் எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொன்னார்கள். வெட்டியது நான். மெழுகு நூல் சுற்றிய முடிச்சுகளில் கத்தி இறங்கவே மாட்டேனென்றது.

அண்ணன் இப்போது பள்ளியின் மேலாளர். தங்கை எதற்குக் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள் என்றே புரியவில்லை என்று வருத்தப்படுகிறார். உண்மையாகவே வருத்தப்படுகிறார் என்பதுதான் கொடுமை.

நான்கு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில், தரையில் உட்கார்ந்து, கயிறு கோக்கும் வளையக் கண்ணிகளை அடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. “தப்புப் பண்ணிட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்.”

“மனசு கேக்கல.”

“இதை என்கிட்ட சொன்னா உனக்குத் தூக்கம் வரும். முதலாளிகிட்ட சொன்னாதான் எனக்கு ஏதாவது ஆகும். போறியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தார்ப்பாயின் அடுத்த ஓரத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கொஞ்சம் காலைத் தூக்கு,” என்றாள். “துணி மேல நிக்கிற.”

நான் நகர்ந்து நின்றேன். அவள் அடுத்த கண்ணியை அடிக்கத் தொடங்கினாள். மறுநாள் காலை வழக்கம்போல் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பினேன்.