ஏசாத அண்ணாச்சி

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஆப்பில் புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் அந்த வேலையை இரண்டு வாரம் கையாலேயே செய்து பார்ப்போம். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவோம். யார் போன் போட்டு ஏசுகிறார்கள் என்று பார்ப்போம். நாலு பேராவது ஏசினால் அதை ஆப்பில் கட்டிச் சேர்ப்போம். யாரும் ஏசாவிட்டால் ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்தக் கம்பெனி இன்றுவரை மூடாமல் நடப்பதற்கு அந்த ஏச்சுத்தான் காரணம் என்று எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்வேன்.

விதியைப் போட்டது நானில்லை, என் கூட்டாளி. அவர் மலையாளி, கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. நான் நாகர்கோவில்காரி, கடைக்காரர்களிடம் பேசுவது, சண்டை போடுவது, சமாதானம் செய்வது என் பொறுப்பு. சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரியிடம் சில்லறைக் கடைக்காரர்கள் போனிலேயே சரக்குக் கேட்பதற்குத்தான் எங்கள் ஆப். அப்போது எங்களிடம் இருந்தது இருபது கடை. கழக்கூட்டத்து ஹாஸ்டல்களை ஒட்டிச் சில, வித்துரா தாண்டிப் பொன்முடி ரோட்டில் சில. கடைக்காரர் படத்தைத் தொட்டுச் சரக்கைச் சொல்ல வேண்டும். பகல் பன்னிரண்டோடு ஆர்டர் முடியும். இரண்டு மணிக்கு வேன் கிளம்பும்.

படத்தைத் தொடுவதெல்லாம் எதற்கு, வாயால் சொன்னால் ஆர்டர் பதிவாகிவிட வேண்டும் என்பது என் யோசனை. பாதி தமிழ், பாதி மலையாளம் என்று இங்கே எல்லோரும் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேசலாம். எனக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. இருபது கடைக்கும் ஏறி இறங்கிக் கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதிலும் கழக்கூட்டத்து அண்ணாச்சி இருக்கிறாரே, அவர் என்னைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெண்கள் ஹாஸ்டலுக்கு எதிரே கடை. போனவுடன் எலுமிச்சை சோடா உடைத்துக் கொடுப்பார்.

“சூப்பர் மேடம். அடிபொளி ஐடியா. சீக்கிரம் கொண்டாங்க,” என்றார்.

கூட்டாளியிடம் வந்து சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “அண்ணாச்சிக்கு சூப்பர் அல்லாத்தது எந்தா?” என்று கேட்டார். அதற்கு முன் நாங்கள் செய்த தள்ளுபடிப் பக்கமும் அண்ணாச்சிக்கு சூப்பர்தான். பழைய ஆர்டர் பட்டியலும் சூப்பர்தான். இரண்டையும் அவர் ஒரு முறைகூடத் தொட்டதில்லை என்று கூட்டாளி ஆதாரத்தோடு காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல மனுசனைப் பொய்யன் என்கிறாரே என்று கோபமும் வந்தது.

ஆனால் கூட்டாளியின் கவலை நியாயமானது. பேச்சைக் கேட்டு ஆர்டர் எடுப்பதைக் கட்டி முடிக்க மூன்று மாதம் ஆகும். எங்கள் கையிருப்பு நாலு மாதத்துக்குத்தான் தாங்கும். தப்பாக எதையாவது கட்டிவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். எனக்கென்ன, எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்வேன். அவரோ ஐ.டி. பார்க்கில் பெரிய வேலையில் இருந்தவர். ஒரு வருடம் விடாமல் பேசிப் பேசி அந்த வேலையை விட வைத்ததே நான்தான். அவர் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் நான் வேறெங்காவது பார்ப்பேன்.

“எடோ, ஆதியம் நீயே செஞ்சு பாரு. அவங்க பேசி அனுப்பட்டும், நீ டைப் பண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு நிறுத்து. யார் வழக்கு போடுறாங்கன்னு பாப்போம்,” என்றார். எதையும் முதலில் நம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. மலையாளத்தில் வழக்கு என்றால் ஏச்சு. அப்படித்தான் அந்த விதி பிறந்தது.

இரண்டு வாரமும் கடைக்காரர்கள் குரலில் அனுப்பினார்கள். நான் கேட்டு டைப் செய்தேன். என் காதின் மேல் எனக்கே நம்பிக்கை போதாததால், ஒவ்வொரு ஆர்டரையும் முடித்தபின் திருப்பி வாசித்து ஒரு குரல் செய்தி அனுப்பிவிடுவேன். எல்லாம் மணி மணியாக நடந்தது. மூன்றாவது திங்கட்கிழமை நிறுத்தினேன். போனை மேசை மேல் வைத்துக்கொண்டு அது எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. எல்லோரும் பழையபடி படத்தைத் தொட்டுச் சரக்கைக் கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அண்ணாச்சிக்கு நானே போன் போட்டேன். “அதுக்கென்ன மேடம், மெதுவா செய்ங்க. நம்ம மேடம்தானே,” என்றார். வாயில் நல்லா வந்தது, அடக்கிக்கொண்டேன். கூட்டாளி டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதன்கிழமை காலையில் ஒரு போன் வந்தது. பொன்முடிக்குக் கீழே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் அக்கா. லயம் முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு அந்த ஒரு கடைதான்.

“ஏ பிள்ள, என்ன வெளையாடுதியா? நான் புழுங்கலரிசி கேட்டா பச்சரிசில்லா வந்து எறங்கியிருக்கு! ரெண்டு மூட்ட! இங்க எவ பச்சரிசி பொங்கித் திம்பா? இனி உங்க வேன் வெள்ளிக்கெழமதான் வரும். அதுவரைக்கும் இந்தச் சனம் பட்டினியா கெடக்கவா?”

அவர் ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். பச்சரிசியைத்தான் தொட்டிருந்தார். இரண்டு அரிசி மூட்டையின் படமும் ஒன்று போலவே இருக்கும். கீழே மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருப்பதை அவரால் வாசிக்க முடியாது. “அக்கா, குரல்ல சொல்ற வசதிய நிறுத்தினது என் தப்புதான். சீக்கிரம் திரும்பக் கொண்டுவரேன்,” என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோசம். ஒருத்தராவது ஏசினாரே!

“நான் சொல்லுறது கெடக்கட்டும்டி. படத்த அமுக்கத் தெரியாதா எனக்கு? நீ திருப்பி வாசிச்சு அனுப்புவியே, அதுல்லா வேணும்! அதக் கேட்டாத்தான் என்ன கேட்டோம்னு எனக்கே தெரியும். அத எதுக்கு நிறுத்தின?”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் பெருமையாக நினைத்தது ஒன்று. என் காதை நம்பாமல் போகிற போக்கில் செய்தது இன்னொன்று. அவர் கேட்பது இந்த இரண்டாவதை. அதைக் கட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று கூட்டாளியிடம் கேட்டேன். மூன்று வாரம் போதும் என்றார். அன்றைக்கே ஒரு ஜீப்பைப் பிடித்து லயத்துக்குப் புழுங்கலரிசி அனுப்பி, பச்சரிசியைத் திருப்பி எடுத்துவந்தோம்.

ஒரு அக்கா ஏசினதை வைத்துக் கட்ட முடியாது, விதி விதிதான். அடுத்த இரண்டு வாரம், படத்தைத் தொட்டு வந்த ஆர்டர்களையெல்லாம் நானே வாசித்து இருபது கடைக்கும் அனுப்பினேன். தொண்டை கட்டிப்போனது. சிலர் பதில் போட்டார்கள், சிலர் போடவில்லை. அண்ணாச்சி தினமும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிடுவார். அவருடைய கட்டைவிரலை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நிறுத்த வேண்டிய திங்கட்கிழமை வந்தது. லயத்து அக்காவுக்கு மட்டும் நிறுத்த மாட்டேன் என்றேன். அப்படிச் செய்தால் சோதனை சரியாக வராது என்றார் கூட்டாளி. “வராட்டா போகட்டும். அந்த அக்காவை இன்னொரு தடவ பச்சரிசியோட நிறுத்துறதுக்கு நான் ஆளில்ல,” என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அக்காவுக்கு மட்டும் வாசித்து அனுப்பினேன். ஏசுவதாக இருந்தால் இனி மற்ற பத்தொன்பது பேர்தான் ஏச வேண்டும்.

பன்னிரண்டு மணி ஆனது. வழக்கமாக அந்நேரம் நான் வாசித்து முடித்திருப்பேன். பன்னிரண்டு ஐந்து. பத்து. கூட்டாளி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். இந்தத் தடவையும் போன் அடிக்காவிட்டால் அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டே காலுக்கு அடித்தது. அண்ணாச்சி. போச்சுடா, இவர் ‘மெதுவா செய்ங்க மேடம்’ என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன்.

“என்ன வேல பாக்கிய நீங்க?” என்று அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். “மணி என்னாச்சு? ஒண்ணும் வாசிச்சு அனுப்பக் காணோம்! தயிர் கட்டிக் குடுத்துக்கிட்டே ஒரு காதால கேட்டு முடிச்சிருவேன் தினமும். இப்ப நான் யாவாரத்தப் பாப்பனா, கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு ஒங்க ஆப்ப பாப்பனா? செஞ்சா ஒழுங்கா செய்யணும். முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டுப் போணும்!”

மேடம் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஸ்பீக்கரில் போட்டேன். கூட்டாளி ஜன்னலை விட்டு வந்து, “அண்ணாச்சி தேஷ்யத்திலா?” என்று வாயசைத்தார். ஆமாம், நல்ல கோபத்தில் இருக்கிறார் என்று தலையாட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் கூட்டாளியின் போனும் அடிக்க ஆரம்பித்தது. அதை எடுப்பதற்குள் அலுவலக போன். லயத்து அக்காவையும் சேர்த்தால் நாலு ஏச்சு.

“ஏசுங்க அண்ணாச்சி, நல்லா ஏசுங்க,” என்றேன்.

“ஏச எங்க எனக்கு நேரம்? வாசிங்க முதல்ல.”

அவர் ஆர்டரை எடுத்து வாசித்தேன். சீனி ஒரு மூட்டை. கடலை எண்ணெய் மூன்று பெட்டி. சிறுபயறு இரண்டு மூட்டை.

“நில்லுங்க, நில்லுங்க. பயறு ரெண்டில்ல, ஒண்ணு. பாத்தியளா? இதுக்குத்தான்.”

திருத்தினேன். வேன் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. சூப்பர் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அண்ணாச்சி போனை வைத்தார். கூட்டாளி அதற்குள் மற்ற இரண்டு போனையும் முடித்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, திருப்பி வாசிக்கும் வசதியைக் கட்டத் தொடங்கியிருந்தார்.