அண்ணன் கல்யாண வீடியோவுக்கு ஒரு பூட்டு

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்க அண்ணன் கல்யாண கேசட்ட பாக்கணும்டா. மாப்ள அழைப்புல நான் ஆடனேன்ல, அத்த மட்டும் போட்டுக் காட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான இரண்டாம் வருடம் அண்ணன் ஈசிஆர் ரோட்டில் பைக்கோடு லாரியில் மாட்டி இறந்துபோனான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேசட்டை யாரும் போட்டதில்லை. போடச் சொன்னவரும் இல்லை. பூஞ்சை பிடிக்குமுன் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்தது நான்தான். நெம்மேலி வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் சினிமா, பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டு டிவியில் பார்க்கலாம், வெளியிலிருந்து பார்க்க அப்போது வழி இல்லை.

என் பிழைப்பே சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. வாய் சும்மா இருக்குமா? பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "இதுல இன்னாப்பா கீது? வூட்டுல கீறத இங்கருந்தே அக்கா போன்ல பாக்கலாம். நாளைக்கே பண்றேன்."

தினமும் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். என் போனிலேயே போட்டு எடுத்துப் போயிருந்தால் கால் மணி நேர வேலை. அது தோன்றாமல் இல்லை. எவனும் செய்துவிடக்கூடிய வேலை என்று ஒதுக்கினேன். எனக்குத் திமிர்.

மறுநாள் லீவு போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கென்று இணையத்தில் ஒரு பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயருக்குச் சான்றிதழ் கிடைத்தால்தான் போனில் பூட்டுப் படம் வரும், நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. சான்றிதழை வாங்கி வாசலில் காவல் நிற்க ஒரு புரோகிராம். அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கன்டெய்னரில் வைத்தேன். கன்டெய்னர் அட்டைப்பெட்டி மாதிரிதான். கிழித்துப் போட்டு அதே போல இன்னொன்று செய்துகொள்ளலாம், ஆனால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும். போகக் கூடாததை வெளியே ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும். ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. என் வீட்டில் அதை நான் செய்யவில்லை.

பூட்டு முதல் தடவையே வந்துவிட்டது. வீடியோதான் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வரியை மாற்றினேன், பெட்டியைக் கிழித்தேன், புதிதாகச் செய்தேன். மறுபடி மாற்றினேன், மறுபடி கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் பெட்டியோடு சான்றிதழும் போனது, புரோகிராம் ஓடிப்போய் இன்னொன்று வாங்கி வந்தது. ஆறாவது தடவை, சான்றிதழ் கொடுக்கிறவர்கள் மறுத்துவிட்டார்கள். இந்தப் பெயருக்கு இந்த வாரம் இவ்வளவுதான், இனி திங்கட்கிழமை. அந்தத் தடவைதான் நான் வீடியோவின் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தேன்.

அப்பாவோடு வார்டில் இருந்த அக்கா, நான் அனுப்பியிருந்த லிங்க்கைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "இன்னாடா இது, செவப்பா வருது? பாதுகாப்பு இல்லன்னு போட்டுகீது. பரவால்ல தொறன்னு கீழ ஒண்ணு கீது, அமுக்கட்டா?"

"அமுக்காத. மூடிடு."

சிவப்பாக எது வந்தாலும் அமுக்காதே என்று வருடக்கணக்கில் அவளைத் திட்டித் திட்டிப் பழக்கியவன் நான். சான்றிதழ் இல்லாததால் வந்த எச்சரிக்கைதான் அது; மறுமுனையில் இருந்தது என் சொந்தக் கம்ப்யூட்டர். பயப்பட ஒன்றுமில்லை. அத்தனை பேர் முன்னால் பீற்றிக்கொண்டுவிட்டு, அந்தச் சிவப்புப் பக்கத்தோடு காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பா கேட்டுகினே கீறாருடா."

"திங்கக்கெழம சுத்தமா வந்துடும்னு சொல்லு."

அன்று சாயங்காலம் போனபோது அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம் தன் ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பேண்டு வாத்தியத்துக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. "கார்ல குந்திகினு அவன் சிரிச்சிகினே இருந்தான்" என்றார். அண்ணன் போன பிறகு அவனைப் பற்றி அப்பா சிரித்துக்கொண்டு பேசி நான் கேட்டது அன்றுதான். என்னைப் பார்த்ததும், "ஆச்சாடா?" என்றார். திங்கட்கிழமை என்றேன். தலையாட்டினார்.

வியாழக்கிழமை பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார்.

வேறு ஒரு பெயரில் கேட்டிருந்தால் சான்றிதழ் அப்போதே கிடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்த வேலையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை நாங்கள் மாமல்லபுரத்துக் கடலில் அஸ்தியைக் கரைத்துவிட்டுக் கரையேறியபோது என் போனுக்குத் தகவல் வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் அந்தப் புரோகிராம் மறுபடி கேட்டு, சான்றிதழை வாங்கிவிட்டிருந்தது.

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே அக்கா கேட்டாள். "அன்னிக்கி நான் அத்த அமுக்கி இருந்தா படம் வந்திருக்குமாடா?"

வந்திருக்கும். ஒரே ஒரு அமுக்கு. அப்பா பார்த்திருப்பார்.

"வந்திருக்காதுக்கா" என்றேன்.

அக்கா நம்பினாள். இந்த மாதிரி விஷயங்களில் நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள்.